ஆறரை தொடக்கம் பத்தரை வரை: கரண்ட் பற்றி எங்கள் தொடர்மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவில் மின்சாரப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. லிப்ட், தண்ணீர் மோட்டர், ஜெனரேட்டர், பொது மீற்றர் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முன்பெல்லாம் "பில் ஏன் கூட வந்திருக்கு?" என்ற ஒரே கேள்விதான். 2022க்குப் பிறகு கேள்விகள் மாறிவிட்டன. நிலக்கரி, சோலார், மன்னார்க் காற்றாலை, மின்சார சபையின் எதிர்காலம் என்று படிக்கட்டில் நின்றே ஒரு மணிநேரம் பேசுகிறோம். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வரும் கரண்ட் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மழையைப் பொறுத்து மாறும். நல்ல மழை பெய்த ஆண்டில் மலையகத்து நீர்மின் நிலையங்களே முதலிடத்தில் நிற்கும். லக்சபான, விக்டோரியா, கொத்மலை, 2012இல் தலவாக்கலையில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை, 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட 120 மெகாவாட் உமா ஓயா என்று அந்த வரிசை நீளம். அடுத்தது நுரைச்சோலை நிலக்கரி நிலையம். மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 300 மெகாவாட். அதற்குப் பிறகு எண்ணெய்: களனி ஆற்றோரத்துக் களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டி, சபுகஸ்கந்த. மிச்சத்தைக் காற்றும் வெயிலும் சிறு நீர்மின் நிலையங்களும் தருகின்றன.

மஸ்கெலியாவில் சொந்தங்கள் உள்ளவர்களுக்கு இது வேறு விதமாகத் தெரியும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது, அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவில் தண்ணீரை விட்டு மேலே தெரியும். அங்குள்ளவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கோவில் தெரிகிறது என்றால் கொழும்பில் நாங்கள் எரிக்கும் விளக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டியிருக்கும் என்று பொருள். எங்கள் கரண்டுக்காக ஓர் ஊரே தண்ணீருக்குள் போயிருக்கிறது. சுத்தமான மின்சாரம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஊரின் நினைவு வரும்.

2022இல் ஏன் அப்படி இருண்டு கிடந்தோம்?

டொலர் இல்லை. அவ்வளவுதான் மூலக்காரணம். நிலக்கரி, டீசல், உலை எண்ணெய் எல்லாமே கப்பலில் வருபவை. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றாலும் காசு கட்டாமல் இறக்க முடியாது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு.

எங்கள் தொடர்மாடியில் ஜெனரேட்டருக்கும் டீசல் கிடைக்கவில்லை. மோட்டர் ஓடாததால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஐந்தாம் மாடியில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியே இருந்தார். பொடியன்கள் இரண்டு பேர் முறை வைத்து, மண்ணெண்ணெய்க் கான்களைக் கழுவி அவற்றில் தண்ணீர் நிரப்பி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எரிசக்திக் கொள்கை என்பது அமைச்சு எழுதும் அறிக்கை என்று நினைத்திருந்த எனக்கு, அது ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா என்ற கேள்வி என்று விளங்கியது அந்த மாதத்தில்தான்.

வெயிலையும் காற்றையும் மழையையும் நாங்கள் டொலர் கொடுத்து இறக்குவதில்லை. சுற்றுச்சூழலை விடுங்கள், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

2030க்குள் 70 சதவீதம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

நாட்டின் மின்னுற்பத்தியில் 70 சதவீதத்தை 2030இல் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற வேண்டும் என்பது அரசின் இலக்கு. 2050இல் கார்பன் சமநிலை, அதாவது வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாவது. புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும் 2021இல் ஐக்கிய நாடுகள் சபை மட்டத்தில் இலங்கை உறுதி சொல்லியிருக்கிறது.

70இல் பழைய நீர்மின் நிலையங்களும் அடங்கும். ஆகவே பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் ஏற்கெனவே பாதியைத் தொட்டிருக்கிறோம். ஆனால் பெரிய ஆறுகளில் அணை கட்ட இனி இடமில்லை. கூடுதல் முழுவதும் வெயிலிலும் காற்றிலும்தான் வர வேண்டும். வெயில் பகலில் வரும், எங்களுக்குக் கரண்ட் தேவைப்படுவது இரவில். இந்தச் சிக்கலை அவிழ்க்காமல் 70ஐ எட்ட முடியாது.

சம்பூரில் நிலக்கரி என்றார்கள், இப்போது சோலார் என்கிறார்கள். என்ன நடந்தது?

2006இல் போரில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அவர்களின் பகுதியில் இந்தியாவுடன் சேர்ந்து நிலக்கரி நிலையம் கட்டத் திட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், வழக்கும் நடந்தது, 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் திட்டத்துக்கு இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் அடிக்கல் நாட்டினார்கள்.

நுரைச்சோலையின் சாம்பலைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெறுமதி தெரியும். எதிர்த்து நின்ற சம்பூர் மக்களுக்கு இந்த நாடு நன்றி சொல்ல வேண்டும்.

குரங்கு ஒன்று பாய்ந்ததில் முழு நாடும் இருளுமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணிக்குப் பிறகு நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு மோதியதால் ஏற்பட்ட கோளாறு என்று அமைச்சர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு சின்னக் கோளாறு ஏன் ஓரிடத்தோடு நிற்கவில்லை என்பது.

கால்மிதித் தையல் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எடுத்த பிறகும் அதன் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், ஏனென்றால் அது கனமானது. நீர்மின், நிலக்கரி நிலையங்களின் சுழலிகளும் அப்படிப்பட்ட கனமான சக்கரங்கள். எங்காவது கோளாறு வந்தால் அந்தக் கனம் சில விநாடிகளுக்கு நாட்டின் மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்த விநாடிகளுக்குள் பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்துவிடும். சோலாரில் சுற்றுகிற சக்கரம் இல்லை. ஞாயிறு பகலில் தொழிற்சாலைகள் பூட்டு, பாவனை குறைவு, வெயில் உச்சம். சுற்றிக்கொண்டிருந்த கனமான சக்கரங்கள் குறைவு. அதனால் தட்டியதும் சரிந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி நிலையம் விளக்குப் போல உடனே பற்றாது. அதனால்தான் தொடர்ந்து வந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

இதைக் காட்டிச் சோலார் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. கூரைகளில் சோலார் ஏறிய வேகத்துக்கு நாட்டின் கம்பிகளும் பற்றரிகளும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஏறவில்லை. பிழை அங்கேதான்.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சோலாரை நிறுத்தச் சொன்னார்கள். இதற்காகவா கடன் எடுத்துப் போட்டோம்?

இந்தக் கோபம் நியாயமானது. 2025 ஏப்ரலில் விடுமுறை நாட்களில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கொழும்பே ஊருக்குப் போய்விடும் நாட்கள் அவை. காலி வீதியில் பஸ்கூடக் குறைவு. பாவனை விழுந்து கிடக்கும்போது வெயில் மட்டும் முழுதாக இருந்தால், பெப்ரவரியில் நடந்தது திரும்பவும் நடக்கலாம் என்ற பயம்.

இப்போது அதே நாளின் மாலையைப் பாருங்கள். ஆறரைக்கு விளக்கு, ஃபேன், டீவி, சமையல், குளியலறைச் சுடுநீர் எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். மின்சார சபையே ஆறரை தொடக்கம் பத்தரை வரையான நேரத்தை உச்ச நேரம் என்று வகுத்திருக்கிறது. வெயில் போய்விட்டது. நீர்மின்னை முழுதாகத் திறப்பார்கள், போதாது. பிறகு எண்ணெய். நாட்டிலேயே விலை கூடிய யூனிட்டுகள் பிறப்பது அந்த நான்கு மணிநேரத்தில். பகல் பன்னிரண்டு மணிக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட வெயிலை இரவு எட்டு மணிக்கு டீசலாக வாங்குகிறோம். இந்த நாட்டின் மின்சாரக் கொள்கை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் தோற்கிறது அல்லது வெல்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோக என்ன வழி?

மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது பற்றரி: உப மின்நிலையங்களில் பெரியவை, வீடுகளில் சிறியவை. உலகச் சந்தையில் இதன் விலை வேகமாக இறங்கி வருகிறது. பெப்ரவரி மாதிரியான சரிவில் கண்ணிமைக்கும் நேரத்தில் கை கொடுக்கக் கூடியதும் இதுதான்.

இரண்டாவது நீரேற்று மின்நிலையம். மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். பகலில் மிஞ்சும் சோலாரால் கீழ்க்குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. எங்கள் தொடர்மாடியின் மேல் தொட்டியைப் போலத்தான், ஆனால் மலையளவில். அரநாயக்கப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் வேலை இது. முடிவெடுக்கப் பிந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் டீசலாகக் காசு கட்டுகிறோம்.

மூன்றாவது வழிக்கு ஒரு சதமும் தேவையில்லை: ஏற்கெனவே இருக்கும் அணைகளின் தண்ணீரைப் பகலில் பிடித்து வைத்து இரவில் திறப்பது. முடிந்த அளவுக்கு இதைச் செய்கிறார்கள்தான். ஆனால் மகாவலித் தண்ணீர் வயலுக்கும் போக வேண்டும். கமக்காரருக்கு முன்னால் எங்கள் ஏசி நிற்க முடியாது.

மன்னார் மக்கள் காற்றாலையை ஏன் எதிர்க்கிறார்கள்? காற்று சுத்தம்தானே?

காற்று சுத்தம். மன்னாரின் காற்று நல்ல காற்றும்கூட. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை சுழலிகள் ஓயாமல் சுற்றும், இரவிலும் சுற்றும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தில் 30 சுழலிகள், மொத்தம் 100 மெகாவாட்டுக்குச் சற்றுக் கூட.

ஆனால் மன்னார் தீவு சின்னது. அதற்குள் மீனவக் குடியிருப்பு, பனந்தோப்பு, மழைநீர் ஓடும் தாழ்நிலம் எல்லாம் இருக்கின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பாதையும் அதுவே. வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகள் கூட்டமாய் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீதி போட்டு, நிலத்தை உயர்த்திச் சுழலி நட்ட பிறகு வெள்ளம் வடிவதில்லை என்று மக்கள் சொல்கிறார்கள். கனிய மணல் அகழ்வுப் பயம் வேறு. 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களோடு வந்த லொறிகளை மறித்தார்கள், ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார், செப்டெம்பர் இறுதியில் பொலிஸாருடன் மோதலில் முடிந்தது.

கொழும்பில் இருந்துகொண்டு "நாட்டுக்காக விட்டுக்கொடுங்கள்" என்று மன்னாருக்குச் சொல்ல என்னால் முடியாது. மஸ்கெலியாவுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பெருநிலப்பரப்பில் காற்றுள்ள இடங்கள் இருக்கின்றன. தீவுக்குள் எத்தனை சுழலி என்பதை அந்த ஊரோடு உட்கார்ந்து, தமிழில் பேசி முடிவெடுத்திருந்தால் இந்த மோதல் வந்திருக்காது.

அதானி போனதால் எங்களுக்கு நட்டமா?

மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு இந்தியாவின் அதானி நிறுவனம் கட்டவிருந்த காற்றாலைத் திட்டம் அது. ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று பேசியிருந்தார்கள். விலை கூட என்று புதிய அரசு மீளாய்வு தொடங்க, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. அதே ஆண்டு, விலைமனு கோரி மன்னாரில் கொடுத்த 50 மெகாவாட் திட்டத்தின் விலை 4.65 சதம். திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறு என்றாலும், போட்டி வைத்தால் விலை எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த மெகாவாட்டுகள் வராமல் போன காலத்தில் எண்ணெய் எரிந்தது. அதுவும் நட்டம்தான்.

நெடுந்தீவுக்குக் காற்று, சோலார் கரண்ட் எப்போது?

எங்கள் கட்டடத்தில் தீவகத்துக் குடும்பங்கள் பல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. டீசல் ஜெனரேட்டரில் ஓடி வந்தவை, அந்த டீசலும் படகில் போக வேண்டியிருந்தது. காற்றும் வெயிலும் பற்றரியும் சேர்ந்த திட்டம் முதலில் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போனது, பிறகு கைமாறி 2022இல் இந்திய நன்கொடைத் திட்டமானது. இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் சின்னத் தீவுகள் காத்துக் கிடந்தன.

பிளாட்டில் இருக்கிறோம். நாங்களும் சோலார் போடலாமா?

தனி வீட்டுக்காரருக்கு இருக்கும் வசதி எங்களுக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2016இல் தொடங்கிய சூரிய சக்திப் போராட்டத் திட்டத்தில், கூரையும் கையில் காசும் இருந்தவர்கள் இணைந்தார்கள். கூரையிலிருந்து விற்கும் யூனிட்டுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபா, பிறகு 15.50 கிடைக்கும் என்று 20 ஆண்டு ஒப்பந்தம். கூரைச் சோலார் இன்று 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெரிய சாதனை. ஆனால் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்கவேயில்லை.

தொடர்மாடிக்கு நடைமுறையில் உள்ள வழி பொது மீற்றர். லிப்ட், மோட்டர், படிக்கட்டு விளக்குக்கான பில்லை எல்லோரும் பராமரிப்புக் கட்டணமாகப் பிரித்துக் கட்டுகிறோம். மொட்டைமாடியில் ஒரு கிலோவாட்டுக்கு 60 முதல் 100 சதுர அடி தேவை. தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, உடுப்புக் காயப் போடும் கொடி எல்லாம் போக மிஞ்சும் இடத்தை அளந்து பாருங்கள். கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் மாதம் ஏறத்தாழ 100 யூனிட் தரும். கடற்கரைக்குக் கிட்ட என்றால் இரும்புச் சட்டம் வேண்டாம், உப்புக்காற்று இரண்டு மூன்று வருடத்தில் தின்றுவிடும். அலுமினியம் கேளுங்கள். புதிதாக இணைபவர்களுக்கான விலை 2025இல் குறைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே பழைய விலையை வைத்து யாராவது லாபக்கணக்குக் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சோலார் போட்ட வீட்டிலும் மின்வெட்டின்போது இருட்டாமே?

ஆம், பற்றரி இல்லாவிட்டால். வீதிக் கம்பியில் வேலை செய்யும் ஊழியர் உங்கள் கூரை மின்சாரத்தால் அடிபட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கட்டமைப்பு நின்றதும், சோலார் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டரும் நிற்கும்.

ஒரு யூனிட் கூடியதற்கு இவ்வளவு பில்லா?

60 யூனிட் என்பது ஒரு வாசற்படி. மாதம் 60க்குள் நின்றால் 0–30, 31–60 என்ற இரண்டு குறைந்த படிகளின் விலை. 60ஐத் தாண்டினால் முதலாவது யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். மீற்றர் வாசிப்பவர் பிந்தி வந்தால் நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இந்த எல்லைகளும் விரியும். பில்லில் நாட்களைப் பார்க்கத் தவறாதீர்கள்.

இதில் மிகவும் அடிபடுபவர்கள் அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரே மீற்றரில் மூன்று குடும்பம். ஆளுக்கு 55 யூனிட்தான் பாவிக்கிறார்கள், தனித்தனி மீற்றர் என்றால் மூவருமே மலிவான அட்டவணையில் இருப்பார்கள். சேர்ந்து 165 ஆனதும் 121–180 படிக்குப் போய்விடுகிறார்கள். வாடகை வீட்டில் இருந்த காலத்தில் எனக்கும் இது நடந்தது. வீட்டுக்காரர்கள் உள் மீற்றர் ஒன்றைப் பூட்டி, மிக உயர்ந்த படியின் விலையில் எல்லா யூனிட்டுக்கும் காசு வாங்கினார்கள். கேட்டால் வீட்டை விடச் சொல்வார்கள் என்ற பயத்தில் கட்டினேன். வீடு பார்க்கும்போதே தனி மீற்றர் உண்டா என்று கேளுங்கள்.

மாலை உச்ச நேரத்தில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது?

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளை இரவு எட்டு மணிக்கு அயன் பண்ணுவதை விட்டு, ஞாயிறு பகலில் ஐந்தையும் ஒன்றாகப் பண்ணுங்கள். சலவை மெஷினும் பகலில். எங்கள் தண்ணீர் மோட்டரை மாலையில் ஓட விடாமல், பகல் பதினொன்றுக்கு நேரக் கட்டுப்பாட்டுக் கருவியில் போட்டுவிட்டோம். நாட்டில் சோலார் மிஞ்சும் நேரத்தில் தண்ணீர் ஏறுகிறது. பழைய ஃபேன் 70 வாட்டுக்கு மேல் இழுக்கும், புதிய வகை மோட்டர் உள்ளது அதில் பாதிகூட இழுக்காது. கொழும்பில் ஃபேன் நிற்காமல் ஓடும் என்பதால் முதலில் அதை மாற்றுங்கள்.

மின்சார ஓட்டோ வாங்கலாமா?

வாங்கலாம். பகலில் சார்ஜ் பண்ணினால் இன்னும் நல்லது.

கட்டணம் தீர்மானிக்கும்போது எங்களைக் கேட்பதே இல்லையே?

கேட்கிறார்கள். எங்களில் பலருக்குத் தெரியாது, அதுதான் எனக்கு மனவருத்தம். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் கூட்டினார்கள். 2024இலும் 2025 ஜனவரியிலும் குறைந்தது, 2025 ஜூனில் 15 சதவீதம் மீண்டும் கூடியது. திருத்தங்களை முடிவு செய்வது இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. முடிவுக்கு முன் மக்களிடம் எழுத்திலும் நேரிலும் கருத்துக் கேட்பார்கள், மாகாணங்களிலும் அமர்வு வைப்பார்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம்.

ஒரு பக்கம் போதும். உங்கள் கடைசி ஆறு மாத பில்லின் யூனிட்டும் தொகையும், வீட்டில் எத்தனை பேர், மீற்றர் தனியா பொதுவா, உங்கள் ஒரே கோரிக்கை. எங்கள் இரண்டாம் மாடியில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் போன முறை இப்படி எழுதினார்: ஒரே மீற்றரில் இருக்கும் வாடகைக் குடும்பங்களுக்கு 60 யூனிட் எல்லையைக் குடும்ப எண்ணிக்கைப்படி கணக்கிட வேண்டும் என்று. எழுத்துப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த திருத்தத்துக்கான அறிவித்தல் வந்தவுடன் லிப்டுக்குப் பக்கத்துப் பலகையில் திகதியை ஒட்டுவேன். எழுதுகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.